மஞ்சள் புள்ளி

"எதும்மா நீடிச்சு உழைக்கும்?" என்று கேட்டு வருபவர்களிடம்தான் நான் மனம்விட்டுப் பேசுவேன். வைஃபை இருக்கிறதா, போனிலிருந்தே ஓடவிடலாமா என்று கேட்பவர்களைக் என்னோடு விற்பனையில் நிற்கும் கலைமதி பக்கம் தள்ளிவிடுவேன். துணியை உள்ளே போட ஆள் எழுந்து போய்த்தான் ஆக வேண்டும். பிறகு போனிலிருந்து ஓடவிட்டு என்ன சாதிக்கப் போகிறார்கள்?

படப்பையில் தணிகாசலம் அண்ணனின் வீட்டு உபயோகப் பொருள் கடையில் ஆறு வருடமாக விற்பனையில் இருக்கிறேன். என் பெயர் செல்வலட்சுமி. சொந்த ஊர் திருவைகுண்டம் பக்கம். இந்தச் சுற்று வட்டாரத்தில் எனக்கு ஒரு நல்ல பெயர் உண்டு: உள்ளதைச் சொல்லி விற்கிற பொண்ணு. அதை யாராவது என் முகத்துக்கு நேராகச் சொன்னால் பேச்சை மாற்றிவிடுவேன்.

போன மாதம் லீலா அக்கா வந்தார். மகள் கல்யாணத்துக்குச் சீர் வாங்க. ஃப்ரன்ட் லோடு இயந்திரத்தின் கதவில் ஒட்டியிருந்த ஸ்டிக்கரைத் தடவிப் பார்த்து, "பத்து வர்ஷம் வாரண்டின்னு போட்டுக்கீதே, அப்பறம் இன்னா?" என்றார்.

"அது மோட்டாருக்குக்கா. மோட்டார் சாகவே சாகாது. சாகுறது உள்ள இருக்குற போர்டு. அதுக்கு ரெண்டே வருஷம். உங்க ஊர்ல கரண்ட் ஏறி எறங்குமா?"

"ஆடிக்கினே இருக்கும்."

"அப்ப ஸ்டெபிலைசர் இல்லாம ஃப்ரன்ட் லோடு வாங்காதீங்க. தண்ணி உப்பா?"

"சோப்பு நொரையே வராது."

"அப்ப சுடுதண்ணி ஹீட்டர்ல உப்பு படிஞ்சுரும். டாப் லோடு போங்க. தண்ணி கொஞ்சம் கூடக் குடிக்கும், ஆனா முக்காம ஓடும். மிக்ஸிக்கு எத்தன வாட்டுன்னு பாக்காதீங்க. ஜாருக்கு அடியில பல்சக்கரம் மாதிரி ஒண்ணு இருக்கு பாருங்க, அது ரப்பரா, கெட்டிப் பிளாஸ்டிக்கான்னு பாருங்க. மாவு அரைக்கிற வீட்ல ரப்பர் ஆறு மாசம் தாங்காது."

"விக்கிறவளே வேணாம் வேணாம்ங்கிற. உன்ன வெச்சிக்கினு இவரு எப்படித்தான் கடைய நடத்துறாரோ" என்று லீலா அக்கா சிரித்தார். கல்லாவிலிருந்து தணிகாசலம் அண்ணன் குரல் கொடுத்தார். "இது மட்டுமா? வாஷிங் மெஷின் விக்கிறாளே, வூட்ல இன்னும் கையிலதான் தொவைக்கிறா. கேளு."

உண்மைதான். குன்றத்தூரில் என் வாடகை வீட்டில் வாஷிங் மெஷின் கிடையாது. மாடி வீட்டில் ஒன்று இருக்கிறது. அது துணி பிழியத் தொடங்கித் தடதடவென்று மேல்தளம் அதிர்ந்தால், கையில் இருப்பதை அப்படியே வைத்துவிட்டு வாசலுக்கு வந்து நின்றுகொள்வேன். நிற்கும்வரை உள்ளே போக மாட்டேன். என் வீட்டுக்காரர் கேட்டுக் கேட்டு இப்போது கேட்பதை விட்டுவிட்டார்.

என்னிடம் இன்னொரு பழக்கமும் உண்டு. எக்ஸ்சேஞ்சில் பழைய இயந்திரம் வந்தால், அதன் சீரியல் நம்பரை நான் பார்க்காமல் குடோனுக்குள் விட மாட்டேன். கடைக்கு வருமுன் நான் வேலை பார்த்த ஒரகடம் வாஷிங் மெஷின் கம்பெனியின் இயந்திரம் என்றால், அந்த நம்பரிலேயே வருடம், வாரம், கிழமை, லைன் எல்லாம் இருக்கும். ஒன்பது வருடத்துக்கு முந்தைய ஒரு புதன்கிழமையைத்தான் நான் தேடிக்கொண்டிருக்கிறேன். இதுவரை இரண்டு வந்திருக்கின்றன. இரண்டையும் திறந்து, உள்ளே தளர்ந்திருந்த போல்ட்டுகளை இறுக்கி மூடிவிட்டுத்தான் பழைய இரும்புக்காரரிடம் கொடுத்தேன். "ஒடைக்கப் போற மெஷினுக்கு எதுக்குமா போல்ட்ட முறுக்குற?" என்று தணிகாசலம் அண்ணன் கேட்டார். கைப் பழக்கம் என்று சொல்லி ஸ்பேனரைப் பையில் போட்டேன்.

அந்தப் புதன்கிழமை எனக்கு இருபத்தோரு வயது. எனக்குப் பக்கத்து ஸ்டேஷன் மாரிசெல்வியுடையது. எங்கள் ஊருக்கு அடுத்த ஊர்க்காரி. ஒரே ஹாஸ்டல், ஒரே பஸ், தலைக்கு ஒரே எண்ணெய்ப் பாட்டில். லைனில் வரும் இயந்திரத்துக்கு உள்ளே காங்கிரீட் கட்டி ஒன்றைப் பொருத்துவது அவள் வேலை. துணி பிழியும் வேகத்தில் இயந்திரம் துள்ளாமல் பிடித்து வைப்பது அந்தக் கட்டிதான். அதற்கு நான்கு போல்ட். நான்கையும் போல்ட் முறுக்கும் ஏர் கன்னால் இறுக்கிவிட்டு, ஒவ்வொரு போல்ட்டின் தலையிலும் பெயிண்ட் மார்க்கரால் ஒரு புள்ளி வைக்க வேண்டும். புள்ளி இருந்தால் இறுக்கியாகிவிட்டது என்று பொருள். ஆளுக்கு ஒரு நிறம். எனக்கு வெள்ளை, மாரிக்கு மஞ்சள்.

காலை டீ முடிந்து வந்ததும் மாரிக்கு வேர்த்துக் கொட்டியது. நெஞ்சைப் பிடித்துக்கொண்டாள். இரண்டு பேர் அவளைக் கைத்தாங்கலாக முதலுதவி அறைக்குக் கூட்டிப் போனார்கள். போகும்போது மஞ்சள் மார்க்கரை என் கையில் திணித்தாள்.

"ஏட்டி, என் ஸ்டேஷனப் பாத்துக்கோ. இந்தா வந்துருதேன்."

லைனை நிறுத்தவில்லை. சாப்பாட்டு நேரம்வரை இரண்டு ஸ்டேஷனையும் சமாளி என்றார் சூப்பர்வைசர் ராஜசேகர். நாற்பத்தைந்து விநாடிக்கு ஒரு இயந்திரம் வந்துகொண்டே இருக்கும். முதல் பத்துப் பன்னிரண்டுக்கு நான்கு போல்ட்டையும் இறுக்கினேன். பிறகு முடியவில்லை. இரண்டை இறுக்கி, இரண்டைக் கையால் திருகிவிட்டு, நான்கிலும் மஞ்சள் புள்ளி வைத்தேன். புள்ளி வைக்க ஒரு விநாடி போதும். அடுத்த ஸ்டேஷனில் பார்ப்பதும் புள்ளியைத்தான். இப்போதெல்லாம் ஒரு போல்ட் குறைந்தாலும் லைன் தானாக நின்றுவிடுமாம். அப்போது அது கிடையாது.

மாரி வரவில்லை. சாயங்காலம் ஆஸ்பத்திரியில் இறந்துபோனாள். பிறவியிலிருந்தே இதயத்தில் கோளாறாம், யாருக்கும் தெரியவில்லை.

இரண்டு மாதத்தில் வாடிக்கையாளர்களிடமிருந்து புகார் வரத் தொடங்கியது. குடோனில் மிச்சமிருந்தவற்றைத் திறந்து பார்த்தார்கள். மஞ்சள் புள்ளி, தளர்ந்த போல்ட். லைனை நிறுத்தாமல் ஓட்டியதை மறைக்க, மாரி சாப்பாட்டு நேரத்துக்குப் பிறகுதான் கிளம்பினாள் என்று ராஜசேகர் அன்றைக்கே எழுதி வைத்திருந்தார். அதனால் எல்லாம் மாரியின் தலையில் விழுந்தது. ஆபரேட்டர் தவறு, ஆபரேட்டர் உயிரோடு இல்லை, விசாரணை முடிந்தது. என்னை ஒரே ஒருமுறை கூப்பிட்டு, உனக்கு ஏதாவது தெரியுமா என்று கேட்டார்கள். தெரியாது என்றேன்.

அவ்வளவுதான் நான் செய்தது. ஒரு வார்த்தை. அதற்குப் பிறகு ஏதோ ஒரு வீட்டில் ஏதோ ஒரு இயந்திரம் தடதடத்துக்கொண்டே இருப்பது எனக்கு மட்டும் கேட்கிறது.

இந்த நிலையில்தான் போன வாரம் அந்தப் பையன் கடைக்கு வந்தான். இருபது வயது இருக்கும். கம்பெனிச் சீருடை போட்டிருந்தான், நான் போட்டிருந்த அதே சாம்பல் நிறம்.

"அக்கா, ஒரு பழைய மெஷின எடுத்துக்கிட்டுப் புதுசு தருவீங்களா? இன்னைக்கே எடுத்துட்டுப் போனாலும் சரிதான்." போனில் படத்தைக் காட்டினான். பின்பக்கத்து ஸ்டிக்கரையும் படம் எடுத்திருந்தான். அதைப் பெரிதாக்கி நம்பரைப் படித்தேன். அதே வருடம், அதே வாரம், அதே புதன்.

"யாரு வாங்குனது இது?"

"எங்க அக்கா. ஸ்டாஃப் ரேட்டுல அம்மாவுக்குன்னு புக் பண்ணியிருந்தா. மெஷின் வீட்டுக்கு வாரதுக்குள்ள செத்துப் போயிட்டா."

அவன் பெயர் சுடலைக்கண்ணு. மாரி செத்தபோது ஐந்தாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்த தம்பி. சாவுக்குத் துக்கம் கேட்க நான் துட்டி வீட்டுக்குப் போனபோது ஒரு மூலையில் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். அவனுக்கு என்னை அடையாளம் தெரியவில்லை. மாரி அந்த இயந்திரத்தைப் புக் செய்தது எனக்குத் தெரியும். அது அந்தப் புதன்கிழமை செய்த இயந்திரங்களில் ஒன்றாக இருக்கும் என்று ஒருநாளும் நான் நினைத்துப் பார்த்ததில்லை.

"ஓடுதா?" என்றேன்.

"ஓடுது. நடக்கவும் செய்யுது. பிழியும்போது இடத்த விட்டு நடந்து வரும். அம்மா அத அக்கான்னு சொல்லுதா. அக்கா வாரா, அக்கா வாராம்பா. எனக்கு ராத்திரி உறக்கம் வர மாட்டேங்கு."

"மெக்கானிக்க வச்சுத் திறந்து பாக்க வேண்டியதுதானே?"

அவன் கலைமதி பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினான். "திறக்கவே கூடாதுக்கா. கம்பெனியில எனக்கு டிரெய்னிங் நடக்கு. கிளாஸ்ல ஒரு போட்டோ போட்டாங்க. முறுக்காமலே மஞ்சப் புள்ளி வச்ச போல்ட்டு. ஒரு ஆபரேட்டர் இப்படித்தான் ஏமாத்துனான்னு சொன்னாங்க. பேரு போடல. தேதி போட்டிருந்தாங்க. அந்தத் தேதி எனக்குத் தெரியாதா? எல்லாரும் சிரிச்சாங்க. நானும் சேந்து சிரிச்சேன்."

அவன் போனைப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டான்.

"எங்க அக்கா அப்படிச் செஞ்சிட்டான்னு அம்மாவுக்குத் தெரிஞ்சா தாங்க மாட்டா. அதான் திறக்காம தூக்கிட்டுப் போயிருங்கன்னு சொல்லுதேன். அம்மா விட மாட்டேங்கா. நீங்க கடைக்காரங்க, நீங்க வந்து பேசுனா கேப்பா."

எனக்கு இதைவிட வசதியான ஏற்பாடு வேறு கிடைக்காது. இயந்திரத்தைத் தூக்கிக்கொண்டு வந்து, குடோனில் வைத்து இறுக்கி, பழைய இரும்புக்குப் போட்டுவிட்டால் கதை முடிந்தது. ஞாயிற்றுக்கிழமை வருகிறேன் என்றேன். சொல்லும்போது அதைத்தான் மனதில் நினைத்திருந்தேன். வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் சொல்லிவிடுகிறேன்.

பையனின் வேலைக்காக அம்மாவும் ஊரிலிருந்து வந்திருந்தார்; சேரப்பணஞ்சேரியில் இரண்டு அறை வாடகை வீடு. காலை பதினொரு மணிக்குப் போனேன். மாரியின் அம்மா இசக்கியம்மாள் கதவைத் திறந்ததும் என் முகத்தைக் கூர்ந்து பார்த்தார்.

"நீ மாரி கூட இருந்த பிள்ளைல்லா? துட்டிக்கு வந்து அழாமலே நின்னியே, அந்தப் பிள்ளைதான? உள்ள வா."

சுடலைக்கண்ணு திகைத்துப்போய் என்னைப் பார்த்தான். நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

"மெஷின எடுக்க வந்தியோ? எடுக்க விடமாட்டேன். ஆனா நீ அவ கூட்டாளி, நீ பாக்கணும்" என்று சொல்லி என்னைக் குளியலறை வாசலுக்கு எதிரே நாற்காலி போட்டு உட்கார வைத்தார். துணிகளைப் போட்டார். கடைசியாக ஒரு சாம்பல் நிறச் சட்டையையும் போட்டார். பாக்கெட்டின் மேல் மாரிசெல்வி என்று நூலில் தைத்திருந்தது. ஒவ்வொரு முறையும் அதையும் சேர்த்துத்தான் துவைப்பாராம். காலர் கிழிந்து நூலாகத் தொங்கியது.

அரை மணி நேரம் தண்ணீர் சுழன்றது. இசக்கியம்மாள் வெங்காயம் உரித்துக்கொண்டே மாரியின் சின்ன வயதுக் கதைகளைச் சொன்னார். பாவாடை நாடாவைக்கூட மூன்று முடிச்சுப் போடுவாளாம். பிறகு தண்ணீர் வடிந்தது. இயந்திரம் பிழியத் தொடங்கியது.

முதலில் ஒரு முனகல். பிறகு உள்ளே ஏதோ இடித்தது. இடியின் வேகம் கூடக்கூட இயந்திரம் இடமும் வலமுமாக உலுக்கிக்கொண்டு முன்னால் நகர்ந்தது. ஒரு கால், மறு கால், அப்படித்தான் வந்தது. சத்தியமாகச் சொல்கிறேன், ஏன் நகர்கிறது, எந்த இரண்டு போல்ட் என்று உலகத்திலேயே அறிந்த ஒரே ஆள் நான்தான். அப்படியிருந்தும் என்னைப் பார்த்துத்தான் வருகிறது என்று தோன்றியது. நாற்காலியை விட்டு எழுந்து சுவரோடு ஒட்டிக்கொண்டேன். குளியலறை வாசல்படிவரை வந்து, பின்னால் தண்ணீர்க் குழாய் இழுத்துப் பிடிக்க, அங்கேயே நின்று நடுங்கி ஓய்ந்தது.

"அம்புட்டுத்தான். அதுக்கு மேல வர மாட்டா. படி வரைக்கும் வந்து நிப்பா, ஏதோ சொல்ல வந்த மாதிரி. பொறவு போயிருவா" என்றார் இசக்கியம்மாள். அவர் முகத்தில் பயம் கொஞ்சம்கூட இல்லை. மகள் வேலை முடிந்து வீட்டுக்கு வந்ததைப் பார்த்த நிம்மதிதான் இருந்தது.

அதற்குமேல் அதைத் தூக்கிக்கொண்டு போக எனக்கு மனம் வரவில்லை. பிளக்கைப் பிடுங்கினேன். பையிலிருந்து ஸ்க்ரூடிரைவரையும் ஸ்பேனரையும் எடுத்தேன்.

"அக்கா, வேண்டாம்" என்றான் சுடலைக்கண்ணு.

மேல்மூடியின் பின்பக்கத்து ஸ்க்ரூ இரண்டையும் கழற்றி மூடியை இழுத்தேன். காங்கிரீட் கட்டியில் நான்கு மஞ்சள் புள்ளிகள் வெளுத்துத் தெரிந்தன. இரண்டு போல்ட் கைவிரல் பட்டதுமே சுற்றின. அவன் ஓடி வந்து மூடியைப் பிடித்துக்கொண்டான்.

"மூடிருங்க. அம்மா பாக்குதா. உங்களக் கும்பிடுதேன், மூடிருங்க."

அம்மா பார்த்துக்கொண்டுதான் இருந்தார். "என்னலே மறைக்க? என்னது அது மஞ்சளா?"

அவன் அழத் தொடங்கிவிட்டான். அக்காவின் தவறை அம்மாவிடமிருந்து மறைக்க அந்தப் பையன் படுகிற பாட்டைப் பார்த்தபோது, ஒன்பது வருடமாக நான் சொல்லாதது வெளியே வந்துவிட்டது.

"சுடலை, இது மாரி வச்ச புள்ளி இல்ல. நான் வச்சது. மாரி முடியாம போன பெறகு அவ ஸ்டேஷன்ல நின்னது நான்தான். என்னால முடியல, முறுக்காமலே புள்ளி வச்சிட்டேன். அவ செத்த பெறகு கம்பெனியில கேட்டாங்க, தெரியாதுன்னுட்டேன். உங்க அக்கா ஒரு போல்ட்டக்கூடத் தளர விட்டவ கிடையாது."

அவன் மூடியிலிருந்து கையை எடுத்தான். என்னை அடித்துவிடுவான் என்றே நினைத்தேன். அடித்திருக்கலாம்.

"கிளாஸ்ல நான் சிரிச்சேன்க்கா" என்றான். "எங்க அக்காவப் பாத்து நான் சிரிச்சேன். நாளைக்குக் கம்பெனிக்கு வந்து இத அவங்ககிட்டயும் சொல்லுவீங்களா?"

"சொல்லுதேன். எழுதியும் தாரேன்."

"எட்டு மணிக்கு மெயின் கேட்டு. வரலைன்னா நான் கடைக்கு வருவேன்."

"வருவேன்."

இசக்கியம்மாள் அருகே வந்து அந்த நான்கு புள்ளிகளையும் விரலால் ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தார். "எது ரெண்டு?" என்று கேட்டார். காட்டினேன். "முறுக்கு" என்றார்.

முறுக்கினேன். ஸ்பேனர் கையில் வழுக்கியது, கை முழுக்க வேர்வை. இரண்டும் கடைசிச் சுற்றில் கிறீச்சென்று பிடித்தன. மூடியைப் போட்டு, நானும் சுடலையும் இயந்திரத்தைச் சுவரோரம் தள்ளி வைத்தோம். இசக்கியம்மாள் தானே பிளக்கைச் சொருகிப் பிழியும் பொத்தானை அழுத்தினார். உள்ளே மாரியின் சட்டை சுற்றியது. சீரான இரைச்சல் மட்டும் வந்தது. இயந்திரம் நின்ற இடத்திலேயே நின்றது. கடையில் புதிதாக ஓட்டிக் காட்டும்போது இப்படித்தான் நிற்கும், நானே எத்தனையோ பேருக்குக் காட்டியிருக்கிறேன். இசக்கியம்மாள் வாசல்படியைப் பார்த்துக்கொண்டே நின்றார். இயந்திரம் ஓய்ந்த பிறகும் பார்த்துக்கொண்டு நின்றார். அவரிடமிருந்து மகளை இரண்டாவது முறை பறித்துவிட்டேன் என்று நினைத்தேன். அழுதேன். துட்டி வீட்டில் வராத அழுகை அன்றைக்கு வந்தது.

அவர் திரும்பி என்னைப் பார்த்தார். குரலில் கோபம் இருந்திருந்தால் தாங்கியிருப்பேன்.

"அப்போ ஒம்போது வருஷமா படி வரைக்கும் வந்து வந்து நின்னது நீதானா?"

ஆமாம் என்று தலையாட்டினேன்.

"பொறவு ஏம்ளா உள்ள வரல?" என்றார்.